வைகை இல்லாத மதுரை: கியூஜிஐஎஸ்ஸில் அச்சுக்கு ஒரு வரைபடம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளில் நடக்கிற சிறு குழு எங்களுடையது. வெயிலில் கைபேசித் திரை தெரியமாட்டேன் என்கிறது, தரையில் விரித்து நாலு பேர் சுற்றி நின்று பார்க்கிற மாதிரி ஒரு தாள் இருந்தால் நல்லது என்று ஒருநாள் பேச்சு வந்தது. கணினி தெரிந்தவன் என்ற பாவத்துக்கு வேலை என் தலையில் விழுந்தது. அந்த ஒரு தாளுக்காகப் பட்ட பாட்டையும் கற்றுக்கொண்ட வழியையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

மென்பொருள் கியூஜிஐஎஸ். 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய, வரைபடம் செய்யும் கட்டற்ற மென்பொருள். காசு கொடுக்க வேண்டாம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். நான் சொல்வது 3ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு. மெனுப் பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன். மொழிபெயர்த்துச் சொன்னால் நீங்கள் தேடித் திண்டாடுவீர்கள்.

முதலில் தாள், பிறகு கணினி

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். ஊரைத் திரையில் வைத்து ஆசை ஆசையாக வண்ணம் அடித்துவிட்டு, கடைசியில் அதைத் தாளுக்குள் திணிக்கப் பார்க்கிறோம். அச்சு வேலை தலைகீழானது. எந்த அளவுத் தாள், எத்தனை அடி தள்ளி நின்று பார்ப்பார்கள், யாராவது கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுப்பார்களா என்பதையெல்லாம் கணினியைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

எங்கள் கணக்கு இது. ஏ3 தாள் 420க்கு 297 மில்லிமீட்டர். பெரும்பாலான பிரிண்டர்கள் விளிம்புவரை மை போடாது. சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு விட்டால் வரைபடத்துக்கு ஏறத்தாழ 390க்கு 270 மில்லிமீட்டர் மிஞ்சும். 1:50,000 ஸ்கேலில் ஒரு கிலோமீட்டர் தாளில் 2 சென்டிமீட்டர். ஆக 390 மில்லிமீட்டரில் கிழமேலாக 19.5 கிலோமீட்டர், 270 மில்லிமீட்டரில் தென்வடலாக 13.5 கிலோமீட்டர் அடங்கும். மேற்கே மாடக்குளம் கண்மாய், திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாய், வைகைக்கு வடக்கே வண்டியூர் கண்மாய், வடகிழக்கே யானைமலை எல்லாம் இதற்குள் வந்துவிடுகின்றன. சர்வே ஆஃப் இந்தியாவின் தாள்களும் 1:50,000தான் என்பதால் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் வசதி.

இதே பரப்பை ஏ4 தாளில் அடக்க 1:75,000க்குப் போக வேண்டும். அப்போது 400 மீட்டர் அகலமுள்ள கண்மாய் தாளில் 5 மில்லிமீட்டர், அதாவது ஓர் அரிசி நீளம். அரிசிக்குப் பக்கத்தில் பெயர் எழுதி யார் படிப்பது? அதனால் ஏ3 என்று முடிவு செய்தோம்.

தரவை இறக்குவது

ப்ளகின்ஸ் மெனுவில் மேனேஜ் அண்ட் இன்ஸ்டால் ப்ளகின்ஸ் போய் குவிக்ஓஎஸ்எம் என்பதை நிறுவுங்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை நேரடியாகக் கேட்டு வாங்கித் தரும் துணைக்கருவி அது. திரையில் மதுரையை வைத்துக்கொண்டு, கீ என்ற இடத்தில் நேச்சுரல், வேல்யூ என்ற இடத்தில் வாட்டர் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுத்து, எல்லையாக கேன்வாஸ் எக்ஸ்டென்ட் தேர்ந்தெடுத்தால் நீர்நிலைகள் வந்து இறங்கும். ஆற்றுக்கு வாட்டர்வே, ரிவர், சாலைக்கு ஹைவே.

வந்து இறங்கியவை தற்காலிக லேயர்கள், அதாவது ஆறு, சாலை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தனித்தனி அடுக்குகள். கியூஜிஐஎஸ்ஸை மூடினால் போய்விடும், புராஜெக்ட்டைச் சேமித்திருந்தாலும் சரி. ஒவ்வொரு லேயர் மேலும் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் வழியாக ஜியோபேக்கேஜ் கோப்பாகச் சேமித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அடித்தளமாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஆயத்தப் படத்தையே போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டுப் பாருங்கள், திரையில் பிரமாதமாக இருக்கும். அச்சுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று ஏற்றுமதி செய்யும்போது கியூஜிஐஎஸ் இன்னும் நெருங்கிய ஜூம் அளவின் ஓடுகளை, அதாவது அந்த ஆயத்தப் படத்தின் சதுரத் துண்டுகளை, கேட்டு வாங்கும். அந்த ஓடுகளில் உள்ள தெருப்பெயர்கள் தாளில் எறும்பு வரிசை மாதிரி வரும். நாமே லேயர் லேயராகப் போட்டு, நாமே பெயர் எழுதுவதுதான் அச்சுக்குச் சரி.

புரொஜெக்‌ஷன்: ஐந்து நிமிட வேலை, விட்டால் வம்பு

உருண்டையான பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறைதான் புரொஜெக்‌ஷன். கியூஜிஐஎஸ் சாளரத்தின் வலது கீழ் மூலையில் அந்த முறையைக் குறிக்கும் ஈபிஎஸ்ஜி எண் தெரியும். அதைச் சொடுக்கி 32644 என்று தேடித் தேர்ந்தெடுங்கள். அது யுடிஎம் 44 வடக்கு மண்டலம், கிழக்குத் தீர்க்கரேகை 78 முதல் 84 பாகைவரை. மதுரை 78.1இல் இருப்பதால் மயிரிழையில் உள்ளே வருகிறது. சென்னையும் இதில்தான். கோயம்புத்தூர் 77ஐத் தொட்டு நிற்பதால் பக்கத்து மண்டலமான 32643க்குப் போக வேண்டும்.

மாற்றாமல், இணையப் படங்களின் 3857ஐயே வைத்துக்கொண்டால் என்ன? அந்த முறை வடக்கே போகப் போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்கும். மதுரையில் ஒன்றரை சதவீதம், சென்னையில் ஏறக்குறைய 2.7, காஷ்மீரில் 20 சதவீதத்துக்கும் மேல். நம் ஊர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனாலும் 1:50,000 என்று தாளில் அச்சடித்துக் கொடுத்த பிறகு யாரோ ஒருவர் அடி ஸ்கேலை வைத்து அளப்பார். அளப்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு.

லேஅவுட் திறப்பு

அச்சுப் பக்கத்தை அமைக்கும் தனிச் சாளரம்தான் லேஅவுட். கன்ட்ரோலும் பி எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். அல்லது புராஜெக்ட் மெனுவில் நியூ பிரிண்ட் லேஅவுட். பெயர் கேட்கும், கொடுங்கள். புதிய சாளரத்தில் ஏ4 அளவில் ஒரு வெள்ளைப் பக்கம் படுக்கைவாட்டில் இருக்கும். அதன்மேல் வலது கிளிக், பேஜ் பிராப்பர்ட்டீஸ், அளவை ஏ3 ஆக்குங்கள். பக்க அளவை மாற்றாமலே வேலையை முடித்துவிட்டுக் கடைசியில் பெரிதாக்கினால், எழுத்தளவு, கோட்டுத்தடிமன் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஆட் ஐட்டம் மெனுவில் ஆட் மேப். சுட்டியால் பக்கத்தில் ஒரு செவ்வகம் இழுத்தால் வரைபடம் அதற்குள் வந்து உட்காரும். கையால் இழுத்தது கோணல்மாணலாகத்தான் இருக்கும்; வலப்பக்கம் ஐட்டம் பிராப்பர்ட்டீஸில் பொசிஷன் அண்ட் சைஸ் பகுதிக்குப் போய், இடமிருந்து 15, மேலிருந்து 13.5, அகலம் 390, உயரம் 270 என்று எண்ணாகவே தட்டிவிடுங்கள்.

அதே பலகையின் மேல்புறத்தில் ஸ்கேல் என்ற பெட்டி இருக்கும். 53417 போன்ற ஏதோ ஓர் அநாதை எண் அதில் நிற்கும். அழித்துவிட்டு 50000 என்று எழுதுங்கள். இனி ஊரை நகர்த்த சி எழுத்தை அழுத்தினால் மூவ் கன்டென்ட் கருவி வரும். சட்டம் அசையாமல் உள்ளே இருக்கிற படம் மட்டும் நகரும். அந்தக் கருவி கையில் இருக்கும்போது சுட்டியின் சக்கரத்தை உருட்டிவிடாதீர்கள், ஸ்கேல் மறுபடி அநாதையாகிவிடும். வி எழுத்தை அழுத்தினால் சட்டத்தையே நகர்த்தும் கருவி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத புதியவரை நான் பார்த்ததில்லை.

பூட்டு

தலைப்பில் உள்ள கதை இங்கேதான். லேஅவுட்டில் தெரியும் வரைபடம் தனிப் பிரதி கிடையாது. முதன்மைச் சாளரத்தில் எந்த லேயர் எரிகிறதோ அதுதான் இங்கேயும் தெரியும். அச்சுக்கு அனுப்புவதற்கு முந்தைய இரவு, ஒரு சாலையைச் சரிபார்ப்பதற்காக ஆற்று லேயரை அணைத்தேன். திரும்பப் போட மறந்துபோனேன். லேஅவுட்டைத் திறந்து, தலைப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, பிடிஎஃப் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பத்துப் பிரதி கைக்கு வந்தது. பத்திலும் வைகை இல்லை. ஆற்றில் தண்ணீர் இல்லாதது மதுரைக்காரர்களுக்குப் பழகிய விஷயம். ஆறே இல்லாத மதுரையை அன்றுதான் பார்த்தார்கள். இன்றுவரை கிண்டல் ஓயவில்லை.

ஐட்டம் பிராப்பர்ட்டீஸில் லாக் லேயர்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. படம் திருப்தியாக வந்ததும் அதில் டிக் போடுங்கள். அதற்குக் கீழே லாக் ஸ்டைல்ஸ் ஃபார் லேயர்ஸ், அதிலும் போடுங்கள். அதன்பின் முதன்மைச் சாளரத்தில் என்ன கூத்தடித்தாலும் தாள் அசையாது. பின்னால் ஒரு லேயரைச் சேர்க்க வேண்டுமென்றால் டிக்கை எடுத்துவிட்டு, சேர்த்துவிட்டு, மறுபடி பூட்ட வேண்டும். சேர்த்த லேயர் ஏன் வரவில்லை என்று அரைமணி நேரம் முட்டிக்கொண்டு நிற்பதும் நடக்கும், எச்சரித்துவிட்டேன்.

தமிழ்ப் பெயர்கள்

என் நேரத்தில் பாதி இதற்குத்தான் போனது, போனதில் வருத்தமில்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் சில இடங்களுக்குத் தமிழ்ப் பெயர் தனி நெடுவரிசையில் இருக்கும், சிலவற்றுக்கு ஆங்கிலம் மட்டும் இருக்கும். லேபல் எக்ஸ்பிரஷனில் கோஅலெஸ் என்ற சார்பைப் பயன்படுத்தி, முதலில் தமிழ் நெடுவரிசை, இல்லையென்றால் பொதுப்பெயர் என்று கொடுக்கலாம். ஆனால் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று வரும் தாள் பார்க்கச் சகிக்காது. எங்கள் பரப்பில் பெயரிட வேண்டியவை நாற்பதுக்குள்தான். புதிய நெடுவரிசை சேர்த்துக் கையாலேயே தட்டிவிட்டேன். தட்டும்போதுதான் ஒன்று உறைத்தது. தரவில் லேக் என்றும் டேங்க் என்றும் பாண்ட் என்றும் கலந்து கிடந்தது. சென்னைப் பக்கத்தார் ஏரி என்பார்கள். எங்கள் ஊரில் அது கண்மாய். தாளைப் பார்க்கப் போகிறவர் வாயில் என்ன சொல் இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். வண்டியூர் கண்மாயும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும் வேறுவேறு. முன்னது ஆற்றுக்கு வடக்கே, பின்னது தெற்கே. வெறும் வண்டியூர் என்று எழுதினால் வெளியூர்க்காரர் தப்பான கரையில் போய் நிற்பார்.

எழுத்தளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆங்கிலத்தில் 6 பாயின்ட் எழுத்தை எப்படியோ படித்துவிடலாம். தமிழில் அந்த அளவில் புள்ளி மறைந்துபோகும். எங்கள் முதல் சோதனைத் தாளில், கை நீட்டிப் பிடித்துப் பார்த்தபோது ‘கண்மாய்’ என்பது ‘கணமாய’ என்று நின்றது. ணி, ணீ இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழி. அதுவும் மையில் அடைந்துபோனது. சிறிய பெயர்களுக்கு 8 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள், முக்கியமானவற்றுக்கு 10 அல்லது 11. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும்; விண்டோஸில் நிர்மலா யுஐயும் பரவாயில்லை. எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு (பஃபர்) 0.6 மில்லிமீட்டர் கொடுத்தால் சாலைக்கோட்டின் மேல் விழுந்த பெயரும் படிக்க வரும்.

ஆற்றின் வளைவோடு பெயரை வளைத்து எழுதுவது அழகுதான். பழைய பதிப்புகளில் கர்வ்டு லேபல் போட்டால் தமிழ் எழுத்து துண்டுதுண்டாகி, கொம்பும் காலும் தனித்தனியே திரியும். லெட்டர் ஸ்பேசிங் கூட்டினாலும் அதே கதிதான். உங்கள் பதிப்பில் சரியாக வருகிறதா என்று ‘வைகை’யை வைத்தே சோதியுங்கள். இரண்டு எழுத்திலும் முன்னால் ஐகாரக் கொம்பு இருப்பதால் உடைந்தால் உடனே தெரிந்துவிடும்.

மற்ற சாமான்கள்

குறி விளக்கத்துக்கு ஆட் லெஜண்ட் போட்டதும் எல்லா லேயரும் அவற்றின் கோப்புப் பெயரோடு வரிசையில் வந்து நிற்கும். ஆட்டோ அப்டேட் டிக்கை எடுங்கள். அதன்பிறகுதான் ஒவ்வொன்றையும் இருமுறை சொடுக்கிப் பெயரை மாற்றவும், வேண்டாததைக் கழிக்கவும் விடும். எல்லாவற்றுக்கும் குறி விளக்கம் தேவையில்லை. நீல நிறம் தண்ணீர் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். நீர் நிற்கும் கண்மாய்க்கும் வறண்ட கண்மாய்க்கும் நீங்கள் வேறு குறி வைத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். எங்கள் தாளில் கடைசியில் நான்கு வரிதான் மிஞ்சியது. அதை வரைபடத்துக்கு வெளியே ஒதுக்கியிருந்தால் 390 மில்லிமீட்டர் கிடைத்திருக்காது. உள்ளேயே பெயர்கள் இல்லாத ஒரு மூலையில், வெள்ளைப் பின்னணி கொடுத்து உட்காரவைத்தேன்.

ஸ்கேல்பாருக்கு அலகு கிலோமீட்டர், ஒரு துண்டுக்கு 1, இடப்பக்கத் துண்டு 0, வலப்பக்கம் 4. முன்னிருப்பாக அது விசித்திரமான நீளங்களைக் காட்டும். வட்டமான எண்ணாக மாற்றிக்கொள்வது நல்லது. 1:50,000 என்ற எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள், ஆனால் எண்ணை மட்டும் எழுதிவிட்டு ஸ்கேல்பாரை விட்டுவிடாதீர்கள். தாள் எங்காவது சுருங்கியோ பெருத்தோ அச்சாகும்போது ஸ்கேல்பாரும் கூடவே சுருங்கிப் பெருக்கும், அதனால் பொய் சொல்லாது. எண் பொய்யாகிவிடும்.

வடக்கு அம்பு: ஆட் நார்த் ஏரோ. தேரோட்டம் மாதிரி அலங்கரித்த அம்புகளெல்லாம் பட்டியலில் இருக்கும். ஒல்லியாக ஒன்றை எடுத்து ஓரத்தில் வையுங்கள். யுடிஎம்மில் வரைபடத்தின் செங்குத்துக் கட்டக்கோடு காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் மதுரையில் அரைப் பாகை விலகும், கண்மாய்க்கரை நடைக்கு அது பொருட்டில்லை.

தலைப்பு ஆட் லேபலில். தாளின் அடியில் சின்னதாக மூன்று விஷயம் கட்டாயம்: தரவு எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது, எந்த புரொஜெக்‌ஷன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றிக்குறிப்புப் போடுவது மரியாதைக்காக மட்டுமல்ல, அவர்களின் உரிமத்தின் நிபந்தனையே அதுதான்.

ஊர் எங்கே இருக்கிறது என்று காட்டும் குட்டி வரைபடம் வேண்டுமா? இன்னொரு ஆட் மேப், அதில் மாவட்ட எல்லை மட்டும் தெரிகிற மாதிரி வைத்து, ஓவர்வியூஸ் பகுதியில் முதல் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரிய படத்தின் பரப்பு அதில் ஒரு பெட்டியாகத் தெரியும். உள்ளூர்க்காரர்களுக்கு என்பதால் நாங்கள் போடவில்லை.

ஜெராக்ஸ் சோதனை

வெளிர்நீலக் கண்மாயும் வெளிர்பச்சைத் தோப்பும் வண்ணத்தில் தனித்தனியாகத் தெரியும். ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பல். கண்மாய்க்கு லைன் பேட்டர்ன் ஃபில் கொடுத்து, மெல்லிய கிடைக்கோடுகளாகப் போட்டால் கறுப்பு வெள்ளையிலும் தப்பிக்கும். முன்னிருப்புக் கோட்டுத்தடிமன் 0.26 மில்லிமீட்டர், வாய்க்காலுக்கு அது போதும், வைகைக்குப் போதாது.

பாதி வேலையில் ஒருமுறை வீட்டிலேயே ஏ4 தாளில், ஏ3 பக்கத்தின் ஒரு கால்வாசியை நூறு சதவீத அளவில் அச்சடித்துப் பாருங்கள். சுவரில் ஒட்டி மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் தெரியும் குறைகள், திரையை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாது.

ஏற்றுமதி

லேஅவுட் தாவலில் எக்ஸ்போர்ட் ரெசல்யூஷன் 300 டிபிஐ. லேஅவுட் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப். அப்போது வரும் பெட்டியில், எழுத்தை எப்படி ஏற்றுமதி செய்வது என்ற கேள்விக்கு பாத்ஸ் என்பதையே தேர்ந்தெடுங்கள். எழுத்துகள் கோட்டுருவமாகிவிடுவதால் கடைக்காரர் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. படமாக எடுத்தால் ஏ3 பக்கம் 4961க்கு 3508 பிக்சல் வரும். வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு அது, அச்சுக்கு பிடிஎஃப்.

கண்மாய்க்கு ஒரு தாள் என்று நாற்பது தாள் தேவைப்பட்டால் நாற்பது லேஅவுட் செய்யாதீர்கள். அட்லஸ் என்ற வசதியில் கண்மாய் லேயரை கவரேஜ் லேயராகக் கொடுத்து, வரைபடத்தில் கன்ட்ரோல்டு பை அட்லஸ் டிக் போட்டால், ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு பக்கம் தானாக விழும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இப்போதைக்கு, சேவ் ஆஸ் டெம்ப்ளேட் கொடுத்து இந்த அமைப்பைக் கோப்பாக வைத்துக்கொண்டால் அடுத்த ஊருக்குத் தலைப்பையும் படத்தையும் மாற்றினால் போதும்.

அச்சுக்கடையில்

பென்டிரைவோடு ஓர் அடி ஸ்கேலையும் எடுத்துப் போங்கள். கடையில் பிடிஎஃப்பைத் திறந்ததும் ஃபிட் என்ற தேர்வு ஏற்கெனவே போட்டிருக்கும். பிரிண்டர் உங்கள் தாளைச் சத்தமில்லாமல் நாலைந்து சதவீதம் சுருக்கிவிடும். ஆக்சுவல் சைஸ் வையுங்கள் என்று கேட்டு, முதலில் ஒரே ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேல்பாரில் 4 கிலோமீட்டர் நீளத்தை அங்கேயே அளங்கள். சரியாக 8 சென்டிமீட்டர் இருந்தால், வைகை ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீதி ஒன்பதையும் அடிக்கச் சொல்லலாம்.